சம்பளம் வருதேன்னு ஓசியில் வாசிக்காதீங்க

இந்த வாரம் எஸ்ஐபி இல்லை, டெர்ம் இன்சூரன்ஸ் இல்லை. கிடார் பற்றிப் பேசப் போறோம். கணக்கு இல்லாமல் இருக்காது, பயப்படாதீங்க.

நம்ம சேனலில் என்னை ஃபார்ம் 16-ஐக் கையில் வச்சுக்கிட்டுப் பேசுற ஆளாகத்தான் பார்த்திருப்பீங்க. வாரநாளில் ஒரு கம்பெனியின் ஃபைனான்ஸ் டீமில் வேலை. மாதத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமை, நாலு பேர் கொண்ட ஒரு பேண்டில் பேஸ் கிடார். ("என்ன ப்ரோ, நாலு கம்பிதான் இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அவ்வளவுதான்.) சென்னையில் வாசிக்கிற இடங்களைப் பற்றியும், கிடார் கடைகளைப் பற்றியும் ரொம்ப நாளாக மனசில் இருக்கும் விஷயங்களை இங்கே எழுதுறேன். முக்கியமாக ஒரு விஷயம், அது உங்களைப் போல மாதச் சம்பளக்காரர்களைப் பற்றியது.

முதலில் ஒரு ராத்திரி வாசிச்சா கையில் என்ன நிக்குதுன்னு பார்ப்போம். ஒரு ஹோட்டல் பாரில் நாலு பேர் பேண்டுக்கு 20,000 ரூபாய் பேசியிருக்காங்கன்னு வச்சுக்கோங்க. தலைக்கு 5,000. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒத்திகைக்கு ஜாம் ரூம், மணிக்கு 400 ரூபாய் என்று மூணு மணி நேரம், இரண்டு நாள். மொத்தம் 2,400, உங்க பங்கு 600. ஆம்ப், பெடல் போர்டு எல்லாம் தூக்கிட்டு பைக்கில் போக முடியாது, போக வர வண்டிக் கூலி 900. மாதம் ஒருமுறை மாத்துற கம்பி செட்டில் இந்த ராத்திரியின் பங்கு ஒரு 230. மீதி 3,270. நேரத்தை எண்ணுங்க. சவுண்ட் செக்குக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போனா வீடு திரும்ப நடுராத்திரி, ஏழு மணி நேரம். ஒத்திகை ஆறு மணி நேரம். 3,270-ஐ 13-ஆல் வகுத்தா மணிக்கு ஏறக்குறைய 250 ரூபாய். வீட்டில் தனியா உட்கார்ந்து பாட்டு எடுத்த நேரம் இதில் சேரலை, கிடார் விலையும் சேரலை. அந்தப் பணமும் அன்னிக்கே வராது. "அக்கவுண்ட்ஸ்ல போட்டிருக்கோம் சார்" என்று இரண்டு மாசம் ஓடும்.

உடனே ஹோட்டல்காரரைத் திட்ட வேண்டாம், அவர் பக்கமும் கணக்கு இருக்கு. பேண்டுக்குக் கொடுத்த 20,000 திரும்ப வரணும்னா, விற்பனையில் பாதி லாபமாக நிக்குதுன்னு வச்சாலும், 40,000 ரூபாய்க்குக் கூடுதல் வியாபாரம் ஆகணும். தலைக்கு 1,500 ரூபாய் பில் என்றால் 27 பேர், பேண்டுக்காகவே வந்திருக்கணும். சும்மாவே வர்ற கூட்டம் இந்தக் கணக்கில் வராது. சனிக்கிழமை அந்த 27 பேர் வருவாங்களா தெரியாது, எப்படியும் இடம் நிறைஞ்சிடும். புதன்கிழமை கண்டிப்பா வர மாட்டாங்க. அதனாலதான் கிரிக்கெட் மேட்ச் இருக்கும் நாளில் பேண்டைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய திரையை மாட்டிடுறாங்க. திரைக்குச் சாப்பாடு போட வேண்டாம், சவுண்ட் செக்கும் வேண்டாம்.

இதில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. பெங்களூரில் தெருவுக்குத் தெரு தனி பப் இருக்கு, மைக்ரோபுரூவரி இருக்கு. தமிழ்நாட்டில் டாஸ்மாக்கை விட்டால் மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களுக்கும் கிளப்களுக்கும்தான். அதனால் இங்கே பேண்ட் வாசிக்கிற இடம் என்றாலே ஒரு ஹோட்டலின் உள்ளே ஒரு மூலை. அதை நடத்துறவர் சங்கீதத்துக்காக இடம் தொடங்கினவர் இல்லை, உணவு மற்றும் பான விற்பனைக்கு மாசாமாசம் டார்கெட் வச்சிருக்கிற மேனேஜர். அவருக்கு நாம பூ அலங்காரம் மாதிரி ஒரு செலவு வரி. மொட்டை மாடியில் வாசிக்கலாம்னா, திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லுது. கூட்டம் வந்து சேர்றதே ஒன்பதரைக்கு.

'கவர் சார்ஜ் 1,000, முழுவதும் ரிடீமபிள்' என்று போஸ்டர் பார்த்திருப்பீங்க. நமக்கு லாபம்னு தோணும். கொஞ்சம் யோசிங்க: நீங்க கொடுத்த 1,000-மும் உங்க தட்டுக்கும் கிளாஸுக்கும் திரும்பிடுச்சு. அப்போ மேடையில் இரண்டு மணி நேரம் வாசிச்சவங்களுக்கு அந்த பில்லில் எவ்வளவு? பூஜ்யம். இசைக்கு விலை இல்லைன்னு பில்லிலேயே அச்சடிச்சுக் கொடுக்கிறாங்க. இசைக்கு மட்டும் 300 ரூபாய், சாப்பாடு தனி என்று வைக்கிற இடம் கிடைச்சா, அங்கே போங்க. அது நேர்மையான விலை.

ஹாலில் டிக்கெட் போட்டு நடத்துறது எனக்கு இதைவிடப் பிடிக்கும். கச்சேரி டிக்கெட் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது, தெரியுமா? 400 ரூபாய் டிக்கெட்டில் 120 பேர் வந்தா 48,000. ஹால் வாடகை, சவுண்ட் வாடகை போனாலும் பேண்டுக்கு ஏறக்குறைய அதே 20,000 நிக்க வாய்ப்பு இருக்கு. வந்த 120 பேரும் நம்மைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாங்க. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் மாதிரி இடங்களில் வாசிச்சவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலில் மேடையேறியதும் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில்தான், பாரில் இல்லை.

சரி, இப்போ உங்க விஷயத்துக்கு வர்றேன்.

ஓஎம்ஆர் பக்கம் எந்த கம்பெனியை எடுத்தாலும் உள்ளே ஒரு பேண்ட் இருக்கும். நல்லா வாசிக்கிறாங்க, சந்தேகமே இல்லை. ஆனா ஒரு இடத்தில் மேனேஜர் "பட்ஜெட் இல்லை ப்ரோ, எக்ஸ்போஷர் கிடைக்கும், டின்னர் நம்ம பொறுப்பு" என்று சொன்னதும், "பரவாயில்லை ஜி, நாங்க பேஷனுக்காகத்தானே வாசிக்கிறோம்" என்று ஒத்துக்கிறாங்க. அவங்களுக்கு 30-ஆம் தேதி சம்பளம் வந்துடும். அதே மேடையில் போன மாசம் வாசிச்ச டிரம்மருக்கு இதுதான் சம்பளம். பகலில் நாலு பசங்களுக்கு கிளாஸ் எடுத்து, முகூர்த்த நாளில் கல்யாண ரிசப்ஷன் வாசிச்சு, வாரக்கடைசியில் இந்த ஹோட்டல் 5,000-ஐ வச்சு வாடகை கட்டுறவர். அடுத்த முறை அவர் போய்க் கேட்கும்போது மேனேஜர் சொல்வார்: "போன வாரம் ஒரு பேண்ட் சும்மாவே வாசிச்சாங்களே?"

உங்க ஆபீஸுக்கே ஒருத்தர் வந்து, எனக்கு வீட்டில் வசதி இருக்கு, உங்க வேலையை நான் சம்பளமே இல்லாமல் பார்க்கிறேன் என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்ரைசலில் ஹைக் கேட்க வாய் வருமா?

இது எங்கே போய் முடியும்னு தெரிஞ்சுக்க வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் டிசம்பரில் போங்க. மத்தியான ஸ்லாட்டில் பாடுற இளம் கலைஞர்களுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் ஆட்டோ காசுக்குச் சரியாப் போகும். சில இடங்களில் வாய்ப்புக்காக இவங்களே நன்கொடை கொடுக்க வேண்டியிருக்கு என்பது பல வருஷமாப் பேசப்படும் விஷயம். அப்படி இருந்தா யாரால் தாக்குப்பிடிக்க முடியும்? வேற சம்பளம் உள்ளவங்க, இல்லைன்னா அப்பா அம்மா செலவழிக்கக்கூடியவங்க. திறமை இருந்தும் பின்புலம் இல்லாதவர் முப்பது வயசுக்குள் வேற வேலைக்குப் போயிடுவார். (கேன்டீன் மட்டும் எல்லா வருஷமும் நிறைஞ்சிருக்கும்.) நம்ம பக்கமும் அதே பாதையில்தான் போய்க்கிட்டிருக்கு, இன்னும் சீக்கிரமா.

அதனால் என் கருத்து இது. சம்பளம் வாங்குறவர்தான் கறாராகக் காசு கேட்கணும், ஏன்னா அவரால்தான் "முடியாது" என்று சொல்லிட்டு எழுந்து வர முடியும். அந்த டிரம்மரால் முடியாது. அபார்ட்மென்ட் பொங்கல் விழாவில், நண்பன் வீட்டு மாடியில், நிவாரண நிதிக் கச்சேரியில் சும்மா வாசிங்க, சந்தோஷமா வாசிங்க. ஒரு பியருக்கு பில் போடுற இடத்தில் வேண்டாம். புது பேண்டா, முதல் தடவையா, பாதி ரேட்டுக்கு ஒத்துக்கலாம். பூஜ்யத்துக்குக் கூடாது. பணம் வேண்டவே வேண்டாம்னா வாங்கி சவுண்ட் இன்ஜினியருக்குக் கொடுத்துடுங்க.

காசு வாங்கினா வரி வருமே என்று இழுப்பீங்க. வரும். ஒரு ஹோட்டல் வருஷத்தில் உங்களுக்கு 50,000-க்கு மேல் கொடுத்தா பொதுவா 10% டிடிஎஸ் பிடிப்பாங்க, சிலர் ஒப்பந்த வேலைன்னு 1% பிடிப்பாங்க. அது உங்க 26ஏஎஸ்-ல் உட்கார்ந்திருக்கும். நீங்க வழக்கம்போல ஐடிஆர்-1 போட்டா பொருந்தாது. இது தொழில் வருமானம், ஐடிஆர்-3 அல்லது 4 போடணும். டிடிஎஸ் பிடிக்காமல் யுபிஐ-யில் வந்தாலும் வருமானம்தான். ஐடிஆர்-3-ல் உண்மைக் கணக்கு காட்டினால் ஜாம் ரூம், வண்டிக் கூலி, கம்பி எல்லாம் செலவாகக் கழிக்கலாம். கிடாருக்கு வருஷம் 15% தேய்மானம் உண்டு. அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் வெளி வருமானம் பற்றி என்ன போட்டிருக்குன்னு ஒருமுறை படிங்க, பெரும்பாலும் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டால் முடிஞ்சிடும்.

ஜிஎஸ்டி 20 லட்சம் தாண்டினால்தான், நம்மில் பலருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனா ஒரு வேடிக்கை சொல்றேன். சாஸ்திரிய, நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கலைஞர் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. அதாவது அதே கிடாரில் தோடி வாசிச்சா வரி இல்லை, ப்ளூஸ் வாசிச்சா 18%.

பணம் இழுத்தடிக்கும் பிரச்சினைக்கு ஒரு ஆயுதம் இருக்கு, பேண்ட்காரர்கள் பலருக்குத் தெரியாது. உத்யம் பதிவு. இலவசம், ஆன்லைனில் அரை மணி நேர வேலை. பதிவு பண்ணின குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்கணும். தாமதமானா ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்தக் கெடு தாண்டி வருஷக் கடைசியிலும் கொடுக்காமல் வச்சிருந்தா, அந்தத் தொகையை ஹோட்டல் அந்த வருஷ வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. எங்க பேண்டுக்கு ஒரு ஹோட்டல் நாலு மாசம் இழுத்துக்கிட்டிருந்தது. இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட்டு, இந்த விவரத்தை மரியாதையா மூணு வரி மெயிலாக அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு அனுப்பினோம். ஒரே வாரத்தில் வந்தது. மேனேஜர்கிட்ட கெஞ்சாதீங்க. அக்கவுண்ட்ஸ்காரருக்குத்தான் இந்த பாஷை புரியும், என் இனம்.

கடைசியா கிடார் கடை. அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் 1842-லிருந்து இருக்கு. ஸ்பென்சரைவிடப் பழசு. இன்னிக்கு இந்த மாதிரி கடைகளில் நடக்கிறதைப் பார்த்தா எனக்குக் கடுப்பா இருக்கும். ஒரு பையன் ஒரு மணி நேரம் ஆறு கிடாரை எடுத்து வாசிச்சுப் பார்ப்பான், கடைக்காரர் பொறுமையா டியூன் பண்ணிக் கொடுப்பார். அப்புறம் வெளியே போய் 800 ரூபாய் குறைவுன்னு போனில் ஆர்டர் போடுவான், அதுவும் நோ காஸ்ட் இஎம்ஐ-யில்.

அந்த நோ காஸ்டைப் பார்ப்போம். 36,000 ரூபாய் கிடார், 12 மாசம், மாசம் 3,000. பேங்க் 15% வட்டி போடுதுன்னா, 36,000-க்குள் சுமார் 2,760 வட்டி ஒளிஞ்சிருக்கு. அதைத் தள்ளுபடியாகக் காட்டிடுவாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்க கார்டில்தான் விழும், ஏறக்குறைய 500. ப்ராசஸிங் கட்டணம் 199 என்றால் அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 730-க்கு மேல் போச்சு. மிச்சம் பிடிச்சது 70 ரூபாய். பெட்டியில் வந்த கிடாரில் கம்பி உயரம் சரியில்லாமல் விரல் வலிக்கும், அல்லது சென்னை ஈரப்பதத்தில் இரண்டே மாசத்தில் கழுத்து லேசா வளையும். அப்போ செட்டப் பண்ணிக் கொடுக்கச் சொல்லி அதே கடைக்கு வருவான்.

புதுசா கத்துக்கிறவங்களுக்கு 36,000 தேவையே இல்லை. யமஹா சென்னைக்கு வெளியே இருக்கும் தன் தொழிற்சாலையிலேயே அக்கூஸ்டிக் கிடார் செய்யுது, ஆரம்பத்துக்கு அந்த ரகம் தாராளமாப் போதும். ஆறு மாசம் தொடர்ந்து வாசிச்சா அடுத்ததை யோசிங்க. கட்டிலுக்கு அடியில் போகிற கிடார்களை நிறையப் பார்த்தாச்சு. கைமாத்தும்போது பாதி விலை வந்தாலே அதிர்ஷ்டம்.

கடைக்குப் போனால் ரொக்க விலை என்னன்னு கேளுங்க. முதல் செட்டப் இலவசமா, ஒரு வருஷத்துக்குள் இன்னொரு தடவை பண்ணிக் கொடுப்பீங்களான்னும் கேளுங்க. பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. சனிக்கிழமை காலையிலேயே போயிடுங்க, சாயங்காலம் கிளாஸ் பசங்க கூட்டம், யாருக்கும் உங்களோடு நின்னு பேச நேரம் இருக்காது.