வேட்பாளரின் மதமும் வாக்காளரின் அளவுகோலும்

கோவைக் கிறிஸ்தவர்கள் வேட்பாளரின் இறைநம்பிக்கையையே முதலில் பார்க்க வேண்டும் என்னும் வாதம், நம்பிக்கையையும் துப்பாக்கி உரிமையையும் சேர்த்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க வாக்காளர் சிலரின் வழக்கத்தை ஒத்தது. அது இந்த மண்ணுக்குப் பொருந்தாது. இங்கே துப்பாக்கி என்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அரசு அளிக்கும் உரிமத்துக்கு உட்பட்டது. தேர்தல் அறிவிக்கப்பட்டால், பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற விவசாயியும் பொதுவாகத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டியிருக்கிறது. மதத்துக்கும் இங்கே வரம்பு உண்டு: அதன் பேரால் வாக்குக் கேட்பது, வென்றவரின் தேர்தலையே செல்லாததாக்கக்கூடிய முறைகேடு என்பதை உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதிசெய்தது. மேலும், கோவையை அடுத்த மேட்டுப்பாளையமும் அவிநாசியும் அடங்கிய நீலகிரி மக்களவைத் தொகுதி, பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடக்கூடிய தனித்தொகுதி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியைத் தலித் கிறிஸ்தவர்களுக்கு மறுப்பதால், அவர்கள் அங்கே வேட்புமனுவே அளிக்க இயலாது. அந்த அநீதியை நீக்க என்ன செய்வீர்கள் என்று, எந்த மதத்தவரானாலும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்பதே நம்பிக்கைக்கு உண்மையான வாக்கு.