இருட்டுக்கு வெள்ளையடிக்கிறவர்கள்

போன மாதம் என் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். மேஜை மேல் கிடந்த ஒரு டிஸ்க்கின் உறையை எடுத்துப் புரட்டினார். உறை மேல் பெரிதாக ஒரு கத்தி.

"என்னய்யா, இந்த வயதில் இதையெல்லாமா பார்க்கிறீர்?" என்றார்.

"பார்க்கிறது மட்டுமா? இதே படத்தை நாலாவது தடவையாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதல் மூன்றிலும் படமும் சரியில்லை, சத்தமும் சரியில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். "வெட்டுக்குத்துப் படத்துக்குத் துல்லியம் வேறு வேண்டிக் கிடக்கிறதா? கத்தி எது, கழுத்து எது என்று தெரிந்தால் போதாதா?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. விருந்தாளியோடு சண்டை போடக்கூடாது என்று ஒரு கொள்கை. இப்போது அவர் எதிரே இல்லை; எனவே சொல்கிறேன்.

அமெரிக்கர்கள் 'ஸ்லாஷர்' என்று பெயரிட்டிருக்கும் இந்த ஜாதிப் படங்களில் பெரும்பாலானவை குப்பை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குப்பைக்கு நடுவே ஒன்றிரண்டு கலைகள் இருக்கின்றன. 1978-ல் ஜான் கார்ப்பெண்டர் எடுத்த 'ஹாலோவீன்' அப்படி ஒன்று. சுமார் 3 லட்சம் டாலரில் முடித்த ஏழைப் படம். அதில் ரத்தம் மிகக் குறைவு. அங்கே பயம் கத்தியில் இல்லை, இருட்டில் இருக்கிறது. கதாநாயகி ஒரு வாசற்படியோரம் சாய்ந்து விம்முகிறாள். அவளுக்குப் பின்னால் கரிய இருள். அந்த இருளுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை முகமூடி, கண் பழகப் பழகத் தெரிவது போல, மெல்ல எழுகிறது. காமிராக்காரர் டீன் கண்டி ஒரு விளக்கின் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செய்த மாயம் அது. இருட்டு ஓர் இழை அதிகமானால் முகமூடியே தெரியாது. ஓர் இழை குறைந்தால் முதலிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டிலும் படம் செத்தது. பேராசிரியரே, துல்லியம் எங்கே வேண்டியிருக்கிறது என்று இப்போதாவது தெரிகிறதா?

எண்பதுகளில் நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது வாடகை டெக்கில், வாடகை காஸெட்டில். படத்தின் அகலம் உயரத்தைப் போல் 2.35 மடங்கு. அந்தக் கால டெலிவிஷன் பெட்டியின் அகலமோ 1.33 மடங்குதான். பெட்டி நிரம்ப வேண்டுமென்று பக்கங்களை வெட்டினார்கள். படத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் காணாமற் போயிற்று. கார்ப்பெண்டரோ ஆபத்தை ஓரத்தில் நிறுத்தி வைக்கிறவர். என் காஸெட்டில் அந்தப் பெண் எதையோ கண்டு மிரண்டாள். எதைக் கண்டு என்று விளங்கச் சில வருஷங்கள் ஆயின. கத்தியால் ஐந்து பேரைக் கொன்றவனுக்குப் பெயர் கொலைகாரன். கத்தரியால் படத்தையே பாதி கொன்றவனுக்கு என்ன பெயர்?

சரி, காஸெட்டுக்கு வசதி போதவில்லை, மன்னித்துவிடலாம். வசதி வந்த பிறகு செய்கிற பாவம்தான் மன்னிக்க முடியாதது. 2007-ல் இந்தப் படம் ப்ளூ-ரே டிஸ்க்காக வந்தது. புள்ளி புள்ளியாகத் தெளிவு. ஆனால் இரவின் நீலம் எங்கே, இலையுதிர் காலத்தின் பழுப்பு எங்கே என்று ரஸிகர்கள் தேடினார்கள். அந்தப் பழுப்பு சும்மா வந்ததல்ல. கதை நடப்பது இல்லினாய் மாகாணத்தில், அக்டோபரில். படம் பிடித்தது கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். இலைக்குச் சாயம் பூசித் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் அதையே பொறுக்கி மறுபடி தூவினார்கள். அப்படிப் பிச்சையெடுத்துக் கட்டிய இலையுதிர் காலத்தை யாரோ ஒருவர் நிறத்தைத் 'திருத்தி' மறுபடியும் வசந்தமாக்கிவிட்டார். 2013-ல் டீன் கண்டியையே மேற்பார்க்க வைத்துப் புதுப் பிரதி போட்ட பிறகுதான் இரவு இரவாயிற்று. முதலிலேயே அவரைக் கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

இன்னொரு வியாதி, துடைப்பது. பழைய பிலிமில் மணல் மாதிரி ஒரு துகள் அசையும். அதை அழுக்கென்று நினைத்துக் கம்ப்யூட்டரால் வழிக்கிறார்கள். துகளோடு முகத்தின் சுருக்கமும் சட்டையின் நூலும் போய்விடுகின்றன. மிஞ்சுவது மெழுகு பொம்மை. 1974-ல் டோப் ஹூப்பர் எடுத்த 'டெக்ஸஸ் செயின்ஸா மாஸக்கர்' 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்து 35-க்குப் பெரிதாக்கிய படம். அந்த வெயிலும் வியர்வையும் புழுதியும் துகளில்தான் இருக்கின்றன. துகளைத் துடைப்பது ஏழையைக் குளிப்பாட்டுவதல்ல. அவன் தோலை உரிப்பது.

சத்தத்தின் கதையும் இதுதான். 'ஹாலோவீன்' மோனோவில் வந்த படம். எல்லா ஓசையும் ஒரே இடத்திலிருந்து வரும். கார்ப்பெண்டரே அமைத்த அந்தப் பியானோவும் முகமூடிக்குள் இழுக்கும் மூச்சும் ஒன்றோடொன்று முட்டும். இன்று ஐந்தாறு ஒலிபெருக்கி வாங்கியவருக்கு அத்தனைக்கும் வேலை கொடுக்க வேண்டுமாம். மூச்சு இடப்பக்கம், காலடி முதுகுப் பக்கம்! ஐயா, எந்தப் பக்கம் என்று தெரியாததல்லவா பயம்? திசை தெரிந்துவிட்டால் ஓடித் தப்பிக்கலாமே! புதுக் கலவை வேண்டுகிறவர் கேட்கட்டும். ஆனால் பழைய மோனோவை டிஸ்க்கிலிருந்தே எடுத்துவிடுவது திருட்டு.

செப்பனிடவே கூடாது என்கிறேனா? இல்லை. 1981-ல் வந்த கனடா நாட்டுப் படம் 'மை ப்ளடி வாலண்டைன்'. தணிக்கைக்குப் பயந்து அதன் கொலைக் காட்சிகளை நறுக்கி வெளியிட்டார்கள். 2009-ல் நறுக்கிய துண்டுகளைச் சேர்த்து டிஸ்க் போட்டார்கள். சேர்த்த இடங்களில் படம் மங்கிச் சொரசொரக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. எங்கே வெட்டினார்கள் என்று தழும்பு சொல்கிறது. நாணயமான வைத்தியன் தழும்பை மறைக்க மாட்டான்.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன்? சொந்த அனுபவம். என் நாவல் ஒன்றை ஒரு பிரசுரகர்த்தர் மலிவுப் பதிப்பாகப் போட்டார். கிராமத்துக் கிழவி ஒருத்தியின் கொச்சைப் பேச்சைச் 'சுத்தம் செய்து' இலக்கணமாக்கியிருந்தார்; என்னைக் கேட்கவில்லை. நல்லெண்ணம்தான். ஒரு வாசகி எழுதினாள்: "அந்தக் கிழவி மட்டும் ஏன் உயிரில்லாமல் பேசுகிறாள்?" அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொல்லுகிறவர்களில் நல்லெண்ணக்காரர்களே மிகுதி.

"தேய்ந்த காஸெட்டில் பார்த்ததுதான் ஐயா பயம்!" என்று உருகுகிற வாலிபர்களும் உண்டு. அது படத்தின் பயமல்ல, உங்கள் பால்யத்தின் பயம். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், படத்தின் மீது ஏற்றாதீர்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. எந்த நெகடிவிலிருந்து எடுத்தது, எடுத்தவர் பார்த்துச் சம்மதித்தாரா என்று உறையில் இரண்டு வரி போடுங்கள். மோனோவை விட்டு வையுங்கள். துகளைத் தொடாதீர்கள். வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை: கடையில் கண்ணைப் பறிப்பதற்காக டெலிவிஷனில் ஏற்றி வைத்திருக்கிற வெளிச்சத்தையும் வழவழப்பையும் முதலில் இறக்குங்கள்.

மட்டமான படத்துக்கு இத்தனை மரியாதையா என்பீர்கள். மட்டம் என்று தீர்ப்புச் சொல்லவாவது குற்றவாளியின் உண்மை முகத்தைக் காட்டுங்கள் என்கிறேன்.

என் பேராசிரிய நண்பர் ஏட்டுச் சுவடியில் ஓர் எழுத்து றகரமா ரகரமா என்று முப்பது வருஷமாக இன்னொரு பேராசிரியரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறவர். அடுத்த தடவை வரட்டும். விளக்கை அணைத்து உட்கார வைக்கப் போகிறேன். அந்த வாசற்படி இருட்டில் முகமூடி எழுகிறபோது, அதுவும் ஒரு பாடபேதப் பிரச்சினைதான் என்று அவருக்குத் தானாகவே விளங்கும்.