ஏடு காக்கும் கைகள்

சங்க நூற்சுவடிகளை நாடித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த உ.வே. சாமிநாதையர், நெல்லையிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் வீடுகளில் பரம்பரையாய்ப் பேணப்பட்டிருந்த ஏடுகளைக் கண்டு பரவசமடைந்தார். அவற்றின் துணையும் சேர்ந்தே 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது. அதே சீமையில், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த சுவடிகளோ, சிதைந்து பழுதுபட்டவை என்ற காரணத்தால் நெய்யில் தோய்க்கப்பட்டு ஹோமாக்கினிக்கு இரையாயின என்று கேட்டு நெஞ்சம் பதைத்தார். கவிராயர் வீடுகளில் ஏட்டை அவிழ்த்து, துடைத்து, வாசிக்கும் கைகள் இருந்தன. கோயில் ஏடுகளுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இன்றைய நூலகப் புத்தகங்களுக்கும் அத்தகைய கைகளே வேண்டும். ஆண்டுக்கொருமுறை பூச்சிமருந்தடித்துவிட்டால் நூலகத்தின் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது பெரும் பிழை. புத்தகத்தை அரிக்கும் வண்டின் புழு அதன் உள்ளேயே பிறந்து, தாளையும் முதுகுப்புறத்துப் பசையையும் தின்று வளர்ந்து, வண்டாகி வெளியேறும்போதுதான் குண்டூசித் தலையளவுத் துவாரம் அட்டையில் நம் கண்ணுக்குப் படுகிறது. அலமாரித் தட்டில் சலித்த மாவுபோல் மெல்லிய தூள் உதிர்ந்து கிடந்தால், உள்ளே நாசவேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேலே தெளித்த விஷம் அப்புழுவை எட்டுவதில்லை. அங்கே பணி செய்யும் ஊழியரின் சுவாசத்தைத்தான் எட்டுகிறது. நம் முன்னோர் இட்டுவைத்த வசம்பும் நொச்சியும்கூடப் பூச்சியை அண்டவிடாமல் விலக்குமேயன்றி, குடிபுகுந்துவிட்டதைக் கொல்லமாட்டா.

மூலகாரணம் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாமிரபரணிக் கரை ஊர்களின் சுவர்கள் ஊறிக்கிடக்க, அச்சுவரை ஒட்டியே அலமாரியை நிறுத்தினால் கறையான் ஏறாமல் என்ன செய்யும்? காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் புத்தகப்பேன் பெருகும். இன்னும் மிகுந்தால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்துகொள்ளும். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தைக் கண்ட நாம் இதை அலட்சியம் செய்யலாகாது.

பரிகாரம் அரிதன்று. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். நன்கொடையாய் வரும் புத்தகங்களைச் சில வாரம் தனியறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கலாம். சந்தேகத்துக்குரிய அச்சுப் புத்தகத்தைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரிக் குளிரில் ஒரு வாரம் வைத்தால், விஷமின்றியே முட்டையும் புழுவும் மடியும்.

ஓர் ஈரப்பதமானி, ஓர் உறைபெட்டி, மாதந்தோறும் தட்டுத் தட்டாய்ப் பார்த்துக் குறிப்பெழுதப் பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் ஆகிய இவற்றை நெல்லையின் பழைய நூலகங்கள் ஒவ்வொன்றுக்கும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, அரசாங்கம் வழங்க வேண்டும்.