இரண்டாவது கேள்வி

அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, இறம்பொடைக் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். வெளியே மலைநாட்டுக்கே உரிய தூறல். உள்ளே வானொலியில் ஓர் அரசியல்வாதியின் செவ்வி ஒலித்துக்கொண்டிருந்தது. பேட்டி கண்டவருக்கு நல்ல குரல். தமிழும் சுத்தமாகவே இருந்தது. "மக்களுக்கு நீங்கள் கூற விரும்புவது என்ன?" என்று கேட்டார். அரசியல்வாதி பத்து நிமிடம் கூறினார். அத்துடன் நன்றி, வணக்கம்.

எதிரே இருந்த முதியவர், தோட்டத்தில் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்ந்தவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீங்க பேப்பர்ல இருக்கிறவரு. இவரு கேட்டதெல்லாம் அவரு பேச நெனச்சதத் தானே? நாங்க கேக்க நெனச்சத யாரு கேக்கிறது?"

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் இருக்கிறேன். நல்ல செவ்வி எது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

அந்தப் பெரியவர் கேட்க நினைத்தது என்னவாக இருக்கும்? பெரும்பாலும் சம்பளம்தான். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்தது. 2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபாய் கிடைத்ததாக மேடைகளில் முழங்கினார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய் மட்டுமே. விலைப்பங்குக் கொடுப்பனவு 30, வரவுக்கு 60, உற்பத்தி ஊக்குவிப்புக்கு 140. குறித்த அளவு கொழுந்து எடுக்க முடியாதவருக்கும், வரவு குறைந்தவருக்கும் அந்த 730 எட்டாக் கனி. ஊழியர் சேமலாப நிதியும் அடிப்படைச் சம்பளத்தைப் பற்றியே நிற்பது. அந்த அடிப்படையோ 450இலிருந்து 500ஆக, வெறும் 50 ரூபாய்தான் உயர்ந்திருந்தது.

2019 ஜனவரி ஒப்பந்தம் இன்னும் சுவையானது. அடிப்படைச் சம்பளம் 700, விலைப்பங்கு 50, மொத்தம் 750. வரவுக் கொடுப்பனவும் உற்பத்தி ஊக்குவிப்பும் நீக்கப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர் "200 ரூபாய் உயர்த்தினோம்" என்றால் அது உண்மை. எதிரணியினர் "20 ரூபாய்தான் உயர்ந்தது" என்றால் அதுவும் உண்மை. இரு தரப்பையும் அழைத்து அருகருகே இருத்தி மோதவிட்டால் ஒரு மணித்தியாலம் சுவாரசியமாகக் கழியும். கேட்பவருக்குத் தெளிவு பிறக்காது. கணக்கை அறிந்து வந்த செவ்வியாளர் ஒருவரால் மட்டுமே, "எந்தத் தொழிலாளிக்கு 200, எந்தத் தொழிலாளிக்கு 20?" என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்க முடியும். முதற் கேள்வியை எவரும் தாளில் எழுதி வரலாம். இரண்டாவது கேள்வி, பதிலைச் செவிமடுத்தவருக்கே வாய்க்கும்.

செவ்வியாளரின் துணிச்சல் பற்றிப் பேசுவோர் பிபிசியின் ஜெரமி பக்ஸ்மனை உதாரணம் காட்டுவர். 1997 மே மாதம், பிரித்தானிய முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கல் ஹவார்டிடம் ஒரே கேள்வியை அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு தடவை கேட்டார். அடுத்த அங்கம் தயாராகாததால் நேரத்தை ஓட்டினேன் என்று பக்ஸ்மனே பின்னர் கூறியது பலருக்குத் தெரியாது. ஆயினும் அமைச்சர் எதற்குப் பதில் தரவில்லை என்பது பார்த்தவர்களுக்குத் துல்லியமாகப் புரிந்தது. மாறாக, 2004இல் ஜெயலலிதாவைக் கரண் தாப்பர் கண்ட பேட்டி கசப்பில் முடிந்தது. இன்று நம்மவர் நினைவில் நிற்பது அந்தக் கசப்பே. கேள்விகளையும் பதில்களையும் நினைவுகூர்வோர் சிலரே.

2025 மார்ச்சில் அல் ஜசீராவில் மெஹ்தி ஹசன் ரணில் விக்கிரமசிங்கவைச் செவ்வி கண்டார். பட்டலந்த ஆணைக்குழு அறிக்கை பற்றிய பேச்சு எழுந்தபோது, அந்த அறிக்கையே அவர் கையில் இருந்தது. சில நாட்களில் அது நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. குரலை உயர்த்தியதால் நிகழ்ந்ததன்று இது. ஆவணத்தோடு வந்ததால் நிகழ்ந்தது.

நமக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. சக்தி தொலைக்காட்சியின் 'மின்னல்' நிகழ்ச்சியை நடத்திய ஜே. ஸ்ரீ ரங்கா, 2010 பொதுத் தேர்தலில் எமது நுவரெலியா மாவட்டத்திலிருந்தே நாடாளுமன்றம் சென்றார். தேர்தலில் நிற்க எந்தக் குடிமகனுக்கும் உரிமையுண்டு. மக்கள் வாக்களித்தே அவரை அனுப்பினார்கள். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்பவரின் நாற்காலி பதில் கூறுபவரின் நாற்காலிக்கு ஏணியாகலாம் என்று ஒருமுறை நேயர்கள் கண்டுகொண்டால், பின்னர் வரும் ஒவ்வொரு செவ்வியாளரையும் "இவர் எந்தக் கட்சிக்குப் போகப் போகிறார்?" என்ற ஐயத்துடனேயே நோக்குவார்கள். நேர்மையாகக் கேட்பவருக்கும் அந்தச் சுமை சேர்ந்துவிடுகிறது.

பிறரைக் குறைகூறும் முன் என் கதையையும் சொல்லியாக வேண்டும். இளம் செய்தியாளனாக இருந்தபோது ஓர் அரசியல்வாதியைக் காணச் சென்றேன். பெயர் வேண்டாம். வாசலுக்கே வந்து தோளில் கைபோட்டு, "நம்ம ஊர்ப் பிள்ளை" என்றார், தேநீர் தந்தார், என் தகப்பனாரை நலம் விசாரித்தார். லயன் வீடுகள் பற்றி நான் எழுதி வைத்திருந்த கேள்வி சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. ஊர்ப்பாசமும் மரியாதையும் என் வாயை அடைத்தன. "ஐயா" என்று விளித்துக்கொண்டே கடினமான கேள்வியைக் கேட்கத் தமிழில் தாராளமாக இடமுண்டு என்பதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. மரியாதை மனிதருக்கு உரியது. விலக்கு எவருக்கும் உரியதன்று.

கடுமையாகக் கேட்டால் அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்களே என்று இளைய நண்பர்கள் கூறுவதுண்டு. நியாயமான அச்சமே. நமது சிறிய சமூகத்தில் அழைக்கக்கூடிய தலைவர்களும் சிலரே. ஆனால் வந்தும் எதுவும் சொல்லாத தலைவரால் நிலையத்துக்கு என்ன பயன்? வெற்று நாற்காலியைக் காட்டி, "இந்தக் கேள்விக்குப் பதில் கூற அழைத்தோம், வரவில்லை" என்று சொல்வதும் ஒரு செய்திதான்.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1350இலிருந்து 1550 ரூபாயாக உயர்த்தவும், அரசாங்கம் வரவுக் கொடுப்பனவாக 200 ரூபாய் வழங்கவும் முன்மொழியப்பட்டது. மேடைகளில் இது 1750 ஆகிறது. 2016இன் 730 நினைவிருக்கும் எவருக்கும் கேள்விகள் தானாக வரும். அந்த 200 சேமலாப நிதிக் கணக்கில் சேருமா? மாதத்தில் எத்தனை நாள் வேலை தரப்படுகிறது? கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப்பேர் போடப்படுமா?

அடுத்த செவ்விக்குத் தயாராகும் தம்பி, தங்கையர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையுமுன் இந்த மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளட்டும். தேநீர்க் கடைப் பெரியவர் வானொலியை இன்னும் அணைத்துவிடவில்லை.