டி.சி.யைப் பிடித்து வைப்பது வசூல் உரிமை ஆகாது

கல்வியாண்டு முடியும்போதெல்லாம் தனியார் பள்ளித் தாளாளர்கள் ஒரே வாதத்தோடு வருகிறார்கள். ஃபீஸ் பாக்கி வைத்த பெற்றோரிடம் பணம் வாங்க மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) ஒன்றுதான் தங்களுக்கு இருக்கும் பிடியாம். அதுவும் போய்விட்டால் யாரும் கட்டணம் கட்ட மாட்டார்களாம், பள்ளியை இழுத்து மூட வேண்டியதுதானாம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வழக்கத்துக்குத் தடை போட்டது. ஆனாலும் இந்த வாதத்தை அவர்கள் விடவில்லை. சட்டத்தின் முன்னும் நியாயத்தின் முன்னும் அரை நிமிடம்கூட நிற்காத வாதம் இது.

தாளாளர்களே, உங்களுக்குக் கடன்பட்டவர் யார்? சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்பா. வேலையோ தொழிலோ கைவிட்டுப் போனதும் அவருக்குத்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளை உங்களோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. தினமும் வந்தாள், படித்தாள், தேர்வு எழுதினாள். அவள் படித்ததற்கான சான்றைத்தான் நீங்கள் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அடகுக் கடைக்காரர்கூடக் கடன் வாங்க வந்தவர் தன் கையால் கொண்டுவந்து வைத்த நகையைத்தான் பூட்டி வைக்கிறார். அடுத்தவர் பொருளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வட்டி கேட்பதில்லை. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு சொன்னதும் இதைத்தான்: மாற்றுச் சான்றிதழ் பிள்ளையின் பெயரில் உள்ள தனிப்பட்ட ஆவணம், அதைப் பாக்கி வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது. கட்டண பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது என்றார்கள். எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் வறுமை பிள்ளையின் சான்றிதழில் ஏறி, அவள் போகும் ஒவ்வொரு பள்ளி அலுவலகத்திலும் வாசிக்கப்படும்.

நீதிமன்றம் ஏதோ புதிய சலுகை கொடுத்துவிட்டது என்று பேசுகிறீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படியுங்கள். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளை எந்தக் காரணத்துக்காகவும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறலாம். தலைமை ஆசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். தாமதித்தால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சான்றிதழ் வரவில்லை என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. ஃபீஸ் கட்டிய பிறகு என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. காகிதத்தைக் கொடுத்துவிட்டு, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில், பள்ளி மாறும் மாணவர்களுக்கான காமன் பூலுக்குப் பிள்ளையின் பெயரை அனுப்பாமல் வைத்திருப்பதும் இதே குற்றம்தான். கணினியில் செய்வதால் அதற்கு வேறு பெயர் வந்துவிடாது.

அடுத்து, பாக்கி என்று நீங்கள் காட்டும் தொகை. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு உங்கள் பள்ளிக்கு ஒரு கட்டணத்தை நிர்ணயித்திருக்கிறது. அதற்கு மேல் வசூலித்தால் சிறைத் தண்டனைக்கே அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. நீங்கள் கேட்கும் பாக்கியில் அந்தக் கட்டணம் எவ்வளவு, அதற்கு மேல் ஏற்றியது எவ்வளவு? டி.சி. கேட்டு வரும் தாயிடம் குழுவின் ஆணையைக் காட்டிக் கணக்குச் சொல்லும் பள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை. துண்டுச் சீட்டில் ஒரு தொகையை எழுதி நீட்டுவார்கள், அவ்வளவுதான்.

உங்கள் வாதத்துக்குப் பின்னால் நியாயமான ஒரு மனக்குறை உண்டு, அதை மறுக்க மாட்டேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளுக்காக அரசு தர வேண்டிய பணம் காலத்தில் வருவதில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா நிதியில் 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் நிறுத்தி வைத்தபோது நிலைமை இன்னும் மோசமானது. சென்னை, டெல்லி இரண்டையும் கேளுங்கள், வழக்குப் போடுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன். அரசு தராத பணத்துக்கு ஆட்டோ ஓட்டுநரின் மகளை எதற்காக வெயிலில் நிறுத்துகிறீர்கள்?

டி.சி. கொடுத்துவிட்டால் வேண்டுமென்றே ஏமாற்றுபவர்கள் தப்பிவிடுவார்கள் என்பது உங்கள் கடைசி வாதம். வசதியும் செல்வாக்கும் உள்ளவர் ஒரு காகிதத்துக்காக நிற்க மாட்டார். தெரிந்தவர் மூலம் அடுத்த பள்ளியில் சேர்த்துவிடுவார். மாட்டிக்கொள்பவர்கள் மெட்ரிக் பள்ளிக் கனவைக் கைவிட்டு அரசுப் பள்ளிக்குத் திரும்புகிறவர்கள்தான். கொரோனா காலத்தில் அப்படித் திரும்பிய குடும்பங்களை இந்த மாநிலமே பார்த்தது. ஜூன் கடந்து, ஜூலை கடந்து பிள்ளை வீட்டிலேயே இருந்தால், அதுவும் பெண் பிள்ளையாக இருந்தால், அந்த ஆண்டு வீட்டு வேலையில் கரைந்துவிடும். அந்த இழப்பை நீங்கள் வசூலிக்கும் எந்தத் தொகையாலும் திருப்பித் தர முடியாது.

நியாயமான பாக்கி இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் அப்பா மீது வழக்குப் போடுங்கள், தவணை பேசுங்கள். பெற்றோரும் டி.சி.க்காகக் காத்து நிற்க வேண்டாம். பிள்ளையை நேராக அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் சொல்லுங்கள். புகார் மனுவில் தாளாளரின் பெயரோடு நிறுத்தாமல், 5-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, சான்றிதழ் தராத தலைமை ஆசிரியரின் பெயரையும் எழுதுங்கள்.