பாட்டி கொண்டுவந்த உழக்கு



ஈராசிரியர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர், தம் மாணவர்களின் பெற்றோருக்கு மாதாமாதம் எழுதும் ஒரு பக்கக் கடிதத்தின் நகலை நமக்கும் அனுப்பியிருந்தார். அதில் மதிப்பெண்ணும் இல்லை, ரேங்க்கும் இல்லை. இந்த மாதம் பின்னம் படித்தோம், அரைப்படி அரிசிக்கு எத்தனை ஆழாக்கு என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள் என்று ஆரம்பிக்கிறது. படித்ததும் மனம் நிறைந்துவிட்டது.

பின்னம் பிள்ளைகளைத் தடுக்கி விழவைக்கும் இடம். நான்கைவிட எட்டு பெரிது, ஆகவே காலைவிட அரைக்கால் பெரிது என்று நினைப்பது அந்த வயதுக்கு இயல்பு. கரும்பலகையில் எத்தனை வட்டம் போட்டாலும் அந்த நினைப்பு லேசில் போகாது. அதற்காக அந்த ஆசிரியை ஒரு மாணவியின் பாட்டியை வகுப்புக்கு அழைத்திருக்கிறார். படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று வீட்டில் இருந்த அளவைகளோடு வந்தார் பாட்டி. பிள்ளைகளே அரிசியை அள்ளிக் கொட்டி அளந்தார்கள். இரண்டு உரி ஒரு படி, நான்கு உழக்கு ஒரு படி, எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டில் ஒன்றுதான் இருப்பதிலேயே சிறியது என்பதை ஆழாக்கைக் கையில் பிடித்த பிள்ளைக்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. கணக்கு முடிந்த பிறகு, அந்தக் காலத்தில் கூலி நெல் அளந்த கதையைப் பாட்டி சொல்ல ஆரம்பித்தாராம். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம்.

பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். ஆனால் எந்தப் பாடம் வரை நடந்திருக்கிறது என்ற கேள்வியோடு நம்மில் பலர் திரும்பிவிடுகிறோம். 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து அமர்த்தினார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் உட்கார்ந்தால் வீட்டில் வருத்தம் வரத்தான் செய்யும். எழுத்துக்கூட்ட வராத பிள்ளையை அப்படியே அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுவதுதான் உண்மையில் வருந்த வேண்டிய விஷயம். அதைப் பெற்றோருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல இப்படி ஒரு கடிதம் வேண்டியிருக்கிறது.

அந்தப் பாட்டியைப் போல வெளியாட்கள் வந்து பாடம் சொல்வது நமக்குப் புதிதல்ல. கொரோனாவுக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் மாலை வகுப்பு எடுத்தார்கள். அவர்களில் பலர் இந்த இதழின் வாசகிகள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நீங்களும் போகலாம். கிராம சுகாதாரச் செவிலியர், தபால்காரர், தச்சர், விதை சேமிக்கும் விவசாயி என்று யார் வந்தாலும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். தலைமையாசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ முதலில் பேசுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். பேருரை வேண்டாம். பிள்ளைகளைப் படம் பிடிக்கவும் வேண்டாம். எதுவும் கற்பிக்கத் தெரியாது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது வாசிப்பதைக் கேளுங்கள். தடுமாறும் இடத்தில் சட்டென்று எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளியில், ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை முழுதாகக் கேட்க அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

போய் வந்தவர்கள் எழுதுங்கள். ஆசிரியர்களே, நீங்கள் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களையும், பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு, எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்