தயிரை விலக்குமுன் தட்டைப் பாருங்கள்

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவது நம் கடமை. ஆயினும் நீரிழிவு வந்தபின் நம் வீடுகள் பலவற்றில் முதலில் விலக்கப்படுவது தயிராகவே இருக்கிறது. சோற்றின் அளவோ குறைவதில்லை. இது தலைகீழான பத்தியம் என்பதே நமது கருத்து.

சர்க்கரை சேர்க்காத 100 கிராம் தயிரில் கார்போஹைட்ரேட் ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் மட்டுமே. அதே எடையுள்ள வெந்த வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம். பாலிலுள்ள லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுவதால்தான் தயிர் புளிக்கிறது. அதைத் துணியில் கட்டி நீரை வடித்தால், லாக்டோஸில் மேலும் ஒரு பங்கு வெளியேறும். எஞ்சிய கட்டித் தயிரில் புரதம் செறியும்.

இங்கே கொல்லிமலையின் நிலையும் சிந்திக்கத்தக்கது. சாமையும் தினையும் பனிவரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி பெருமளவு இடம்பிடித்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலை விவசாயிகளுடன் இணைந்து சிறுதானியங்களைக் காக்க உழைத்து வருகிறது. சாமைத் தயிர்ச்சோறு நல்லுணவே. ஆனால் சாமை உண்டால் சர்க்கரை ஏறாது என்பது தவறான எண்ணம். சமைக்காத 100 கிராம் சாமையில் கார்போஹைட்ரேட் ஏறத்தாழ 65 கிராம். வெள்ளை அரிசியில் 78 கிராம். சாமையில் நார்ச்சத்து அதிகம். எனினும் அளவு குறையாமல் பலன் குறைவே.

கடைத் தயிரை வாங்குவோர் உறையைப் படிக்க வேண்டும். 2023 மார்ச்சில் தயிர் உறையில் 'தஹி' என்று அச்சிடும் உத்தரவைத் தமிழகம் எதிர்த்தது. அதே மாதம் உத்தரவு திருத்தப்பட்டது. பெயருக்காகக் காட்டிய அக்கறையில் பாதியையேனும், அதே உறையின் பின்புறமுள்ள 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்னும் வரிக்குக் காட்டலாகாதா? பழச்சுவை யோகர்ட்டுகளில் அந்த எண் பெரிதாக இருக்கும். 'கொழுப்புக் குறைந்தது' என்பதற்குச் 'சர்க்கரை குறைந்தது' என்று பொருளில்லை. சில யோகர்ட்டுகளில் கெட்டித்தன்மைக்கு ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. அதன் மூலம் ஹலாலானதா என்பதையும் நாம் பார்த்தாக வேண்டும். வீட்டில் உறையூற்றிய தயிருக்கு இந்தக் கவலைகள் இல்லை.

தயிர் மருந்தன்று. யோகர்ட் உண்பது இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயத்தைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொள்ள அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் அனுமதித்தது. ஆனால் சான்று மட்டுப்பட்டது என்றும் சேர்த்துச் சொல்லப் பணித்தது. அது நோய் வராமல் இருப்பதைப் பற்றியது. வந்த நோயைத் தீர்ப்பதைப் பற்றியதன்று.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்திலும் வரம்பு உண்டு. ஆகவே மருத்துவரைக் கேட்டே மாற்றுங்கள். நோன்புக் காலத்தில் இது இன்னும் அவசியம்.

விருந்தோம்பல் நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. நீரிழிவு உள்ள உறவினர் இஃப்தாருக்கு வந்தால், இனிப்பு லஸ்ஸியைக் கையில் திணித்து 'ஒருநாள்தானே' என்று வற்புறுத்தாதீர்கள், சகோதர சகோதரிகளே. சர்க்கரையில்லாத நீர்மோரை முகமலர்ச்சியோடு கொடுங்கள். அந்த உபசரிப்பில் குறையேதுமில்லை.